படம் இருட்டா, கொட்டகை இருட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிர்பார்த்துப் போய் ஏமாந்த படங்கள், சும்மா போய் உட்கார்ந்து அசந்துபோன படங்கள் என்று வாசகர்கள் தங்கள் நாளிதழுக்கு எழுதிவருவதைத் தொடர்ந்து படிக்கிறோம். கதை, நடிப்பு, பாட்டு, வசனம் எல்லாவற்றையும் அலசுகிறார்கள். ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தப் படம் அன்றைக்கு அந்தக் கொட்டகையில் எப்படிக் காட்டப்பட்டது? வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துத் திரையரங்குகளில் புரொஜக்டர், ஒலி வேலை பார்ப்பவர்கள் நாங்கள். ‘படம் சுமார்தான்’ என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் அடுக்கும் குறைகளில் பல, இயக்குநர் செய்தவை அல்ல. கேபினுக்குள் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியவை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விமர்சனம் எழுதுகிறவர் பெரும்பாலும் சென்னையில், அளவுபார்த்துச் சீர்செய்த திரையில் படம் பார்க்கிறார். அதற்கும் முன்னால், சித்தூர் பக்கம் விடியற்காலைக் காட்சி போட்டிருந்தால் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தீர்ப்பு வந்து இறங்கிவிடுகிறது. நம் ஊரில் 9 மணிக் காட்சிக்குப் போகிறவர் இரண்டையும் மனதில் ஏற்றிக்கொண்டு உட்காருகிறார். அவர் கண்ணுக்கு வருவது மூன்றாவது ஒரு படம். ‘நல்லா இருக்குன்னு எழுதியிருந்தாங்களே, நமக்கு ஏன் இப்படி இருக்கு?’ என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

முதலில் எளிய சோதனை ஒன்று. படம் தொடங்கும்போது தணிக்கைச் சான்றிதழைக் காட்டுவார்கள் அல்லவா, அந்தப் பத்து விநாடியில் எல்லோரும் விசில் அடித்துக்கொண்டோ செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டோ இருப்பார்கள். கொட்டகையின் தரத்தை அறிய அதைவிட நல்ல நேரம் கிடையாது. வெளிர்நிறத் தாள், அதில் பொடி எழுத்து, சுற்றிலும் வெறும் வெள்ளை. தாள் வெள்ளையாகத் தெரிகிறதா, டீக்கறை மாதிரி மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மஞ்சளோ பழுப்போ தட்டினால் லேம்ப் வயதாகிவிட்டது, அல்லது திரையில் தூசி படிந்துவிட்டது. எழுத்தின் ஒரு ஓரத்தில் சிவப்பும் மறு ஓரத்தில் நீலமும் கோடாகத் தெரிந்தால், புரொஜக்டருக்குள் மூன்று நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. நடு எழுத்து கூர்மையாகவும் ஓரத்து எழுத்து கலங்கலாகவும் இருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. நடுவில் பளிச்சென்றும் இரண்டு பக்கமும் மங்கலாகவும் இருந்தால் அது 3டி படத்துக்காக வெள்ளிப்பூச்சு பூசிய ‘வெள்ளித்திரை’. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். சான்றிதழில் இன்னொரு முக்கியமான தகவலும் இருக்கிறது, படத்தின் நீளம். அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வெளிச்சம். 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் இருக்கவேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள அளவு. சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்றும் சொல்வார்கள். ஒளிப்பதிவாளரும் நிறம் திருத்துபவரும் இந்த அளவுள்ள திரையைப் பார்த்துத்தான் ஒவ்வொரு ஷாட்டையும் முடிவு செய்கிறார்கள். இதில் பாதிதான் திரைக்கு வருகிறது என்றால், பகல் காட்சிகளில் அவ்வளவாகத் தெரியாது, கண் பழகிக்கொள்ளும். இரவுக் காட்சிகள் வந்தவுடன் எல்லாம் சாம்பலாகிவிடும்.

2019 தீபாவளிக்கு ‘பிகில்’ வந்த அதே நாளில், அக்டோபர் 25 அன்று, ‘கைதி’ வந்தது. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே இரவில் நடக்கும் கதை. பெரிய படத்துக்குப் பக்கத்தில் இது நிற்குமா என்று கேட்டவர்கள் பலர். வாய்வழியாகவே ஏறி நின்றது. சத்யன் சூரியன் ஒளிப்பதிவில் லாரியின் விளக்கு, தெருவிளக்கின் மஞ்சள், தீயின் சிவப்பு, இவ்வளவுதான் வெளிச்சம். அப்படிப்பட்ட படத்தை 7 ஃபுட் லாம்பர்ட்டில் பார்த்தால் லாரிக்குப் பின்னால் யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்பது தெரியாது. ஆள் தெரியாவிட்டால் பயம் வராது. பயம் வராவிட்டால் ‘சண்டை நீளம்’ என்று தோன்றும். 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படமும் அப்படித்தான். மலையாளப் படம், மொழிமாற்றம்கூட இல்லை, தமிழ்நாட்டில் இந்த ஓட்டம் ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை. சி.எம்.சி. மருத்துவமனை, வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருப்பதால் வேலூரில் மலையாளப் படத்துக்கு ஒரு சின்னக் கூட்டம் எப்போதும் உண்டு; இந்தப் படத்துக்கு அதைத் தாண்டி ஊரே வந்தது. அதன் பாதி உயிர் குணா குகையின் குழிக்குள் இருக்கிறது. குழியின் கறுப்பு கறுப்பாக இருக்கவேண்டும், அதற்குள் ஒரு முகம் மட்டும் தெரியவேண்டும். வாசல் கதவின் திரைச்சீலை கிழிந்து நடைபாதை விளக்கு உள்ளே அடிக்கிற கொட்டகையில் அந்தக் கறுப்பு கிடைக்காது.

வெளிச்சம் எங்கே போகிறது? கணக்கு எளிது. 50 அடி அகலத் திரை, ஸ்கோப் என்ற அகலப்படம் என்றால் உயரம் ஏறக்குறைய 21 அடி. பரப்பு 1,050 சதுர அடி. சாதாரண வெள்ளைத் திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் வேண்டும் என்றால் 1,050ஐ 14ஆல் பெருக்குங்கள்: 14,700 லூமன் ஒளி திரையைத் தொடவேண்டும். புரொஜக்டர் பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் இல்லை இது. லென்ஸ், கேபின் கண்ணாடி எல்லாம் கடந்து திரைக்கு வந்து சேரும் லூமன். 40 அடித் திரையை எடுத்துவிட்டு, ‘பிரம்மாண்டத் திரை’ என்று விளம்பரம் கொடுத்து 50 அடி கட்டுகிறார்கள். புரொஜக்டர் பழையதுதான். பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது, வெளிச்சம் 64 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. திரை பெரிதானதும் படம் மங்கியதும் ஒரே நாளில் நடந்தவை என்பதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

புரொஜக்டரில் உள்ள செனான் லேம்ப் எரிய எரிய அதன் டங்ஸ்டன் முனை ஆவியாகிக் குவார்ட்ஸ் குமிழின் உள்பக்கம் கறுப்பாகப் படியும். லேம்பின் வாட் கூடக் கூட ஆயுள் குறையும். உத்தரவாதம் 1,500 மணி நேரம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4 காட்சி, காட்சிக்கு 3 மணி நேரம் என்றால் 12 மணி. 125 நாளில் முடிந்துவிடும். பொங்கலுக்குப் போட்ட லேம்ப் மே 20 வாக்கில் மாற்றவேண்டியது. அது ஆயுத பூஜை வரை எரிகிறது. ஆயுளை நீட்ட ஆம்பியரைக் குறைத்து ஓட்டுவதும் உண்டு. தயாரிப்பாளர் சொன்ன கீழ் அளவுக்கும் கீழே போனால் சுடர் நிலையாக நிற்காது, திரையில் படபடவென்று துடிக்கும். ரசிகருக்குத் துடிப்பு என்று தெரியாது. தலை வலிக்கிறது என்று மட்டும் தெரியும். உத்தரவாத நேரம் தாண்டிய லேம்பு வெடிக்கவும் செய்யும். வெடித்தால் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானும் சேர்ந்து போகும், மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு செலவு வரும்.

காசே செலவில்லாமல் திரும்பக் கிடைக்கும் வெளிச்சமும் இருக்கிறது. கேபினுக்கும் அரங்குக்கும் நடுவில் உள்ள சின்னக் கண்ணாடி. பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதன்மேல் பாலாற்று மணல் காற்றில் வரும் தூசியும், பாப்கார்ன் பொரியும் எண்ணெய்ப் புகையும் படிந்தால் கேட்கவே வேண்டாம். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு இரண்டு பக்கமும் துடைக்க ஐந்து நிமிடம் போதும். வாரம் ஒருமுறை செய்யவேண்டும். வேட்டித் துணி, பனியன் துணி கூடாது; கீறல் விழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய திருடன் 3டி வடிகட்டி. ஒரு 3டி படம் ஓடி முடிந்திருக்கும். லென்ஸுக்கு முன்னால் மாட்டிய அந்த வடிகட்டியை, அதாவது போலரைசரைக் கழற்றாமல், அல்லது ஓரமாகத் தள்ளாமல், அடுத்த வெள்ளிக்கிழமை 2டி படம் போட்டுவிடுவார்கள். பாதிக்கு மேல் ஒளி அங்கேயே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ரசிகருக்கும் வழி உண்டு: கேபின் ஜன்னலைத் திரும்பிப் பாருங்கள், லென்ஸுக்கு முன்னால் கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்று நிற்கிறதா என்று தெரியும். 3டிக்காகக் கட்டிய வெள்ளித்திரைக்கு வேறு ஒரு குணம். விழும் ஒளியை நேராகத் திருப்பி அடிக்கும், பக்கவாட்டில் கொடுக்காது. அப்படிப்பட்ட கொட்டகையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ‘ஒளிப்பதிவு சொதப்பல்’ என்று எழுதுவது ஒளிப்பதிவாளருக்குச் செய்யும் அநியாயம். நடு வரிசையில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இடம் பிடியுங்கள்.

ஒலிக்கு வருவோம். நம் ஊரில் ஒரு படம் கெடுவதற்கு வெளிச்சத்தைவிட ஒலிதான் அதிகம் காரணம் என்பது எங்கள் அனுபவம்.

வசனம் முழுக்க நடு ஸ்பீக்கரிலிருந்து, திரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதில் மேல் ஸ்வரத்தைப் பேசுவது டயாஃப்ரம் என்ற, உள்ளங்கை அளவு மெல்லிய தகடு. ஹீரோ நுழையும் காட்சிக்கு ஆம்பிளிஃபயரை அதன் சக்திக்கு மேல் ஓட்டினால் அது கிழியும் அல்லது கருகும். கருகினால் சத்தம் நின்றுவிடாது, அதுதான் ஆபத்து. கீழ் ஸ்வரம் கேட்டுக்கொண்டே இருக்கும், வசனம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல வரும். ‘பசி’ என்றாரா ‘படி’ என்றாரா என்று பக்கத்தில் கேட்கவேண்டியிருக்கும். கொட்டகைக்காரர் என்ன செய்வார்? சத்தத்தை ஏற்றுவார். பின்னணி இசை காதைக் கிழிக்கும், வசனம் அப்போதும் புரியாது. ‘மியூசிக் டைரக்டர் வசனத்தைக் கேக்கவே விடல’ என்று ரசிகர் திட்டுவார். திரையில் உள்ள பொடித் துளைகள் தூசியால் அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். பின்பக்கமிருந்து மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்கவேண்டும். முன்னாலிருந்து ஈரத்துணி போட்டால் வெள்ளித்திரையின் பூச்சே வந்துவிடும்.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ‘ஃபேடர்’ கணக்கைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒலிக்கலவை செய்யும் ஸ்டுடியோவில் ஃபேடர் 7இல் நிற்கும். அந்த 7இல் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபல் தரும்படி கொட்டகையைச் சீர்செய்யவேண்டும், 5.1 ஒலி அமைப்பில் பக்கவாட்டு ஸ்பீக்கர் வரிசை ஒவ்வொன்றும் 82. டால்பி சிபி650 மாதிரியான ஒலிப் பிராசஸர்களில் 4க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய 3.3 டெசிபல். 7லிருந்து 4க்கு இறக்கினால் 10 டெசிபல் குறையும், காதுக்குப் பாதிச் சத்தமாகப் படும். 4க்குக் கீழே சரிவு வேறு: ஒரு எண்ணுக்கு 20 டெசிபல். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர் கிணற்றில் விழுவது மாதிரி.

2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது நடந்தது நினைவிருக்கும். எதிர்பார்ப்பு மலையளவு. முதல் நாளே ‘சத்தம் தாங்கமுடியவில்லை’ என்ற குரல் எழுந்தது. ஒலியளவை 2 புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே சொன்னார். எந்த அளவிலிருந்து இரண்டு? 7இல் சரியாக ஓடும் கொட்டகை 5க்கு வந்தால் 6.6 டெசிபல் குறையும், இதமாக இருக்கும். விளம்பரங்களின் அலறலுக்காக ஏற்கெனவே 5க்கு இறக்கிவைத்திருந்த கொட்டகை 3க்குப் போனால் 23 டெசிபல் குறையும். வசனமே காணாமல் போகும். ஒரே வேண்டுகோள், இரண்டு கொட்டகை, இரண்டு படம். அந்தப் படம் நல்ல படமா என்ற விவாதத்துக்குள் நாங்கள் வரவில்லை. விளம்பரத்துக்குத் தனி அளவு, படத்துக்குத் தனி அளவு என்று, படத்தை ஓட்டும் கணினியான சர்வரின் காட்சிப் பட்டியலிலேயே கட்டளை வைத்துவிடலாம். விளம்பரத்துக்காகக் கையால் குறைத்து, படத்துக்கு ஏற்ற மறந்துவிடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. ஆளில்லாத அரங்கில் காலையில் சோதித்துவிட்டு, ‘இது போதும்’ என்று 5இல் நிறுத்துவதும் தவறு. நிறைந்த அரங்கில் ஆட்களின் உடம்பும் உடையும் ஒலியைக் குடித்துவிடும்.

2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ இங்கே நினைவுக்கு வருகிறது. செல்வராகவன் படம், ஏறக்குறைய 3 மணி நேரம். இரண்டாம் பாதியில் சோழர்கள் பழந்தமிழ் பேசுகிறார்கள். புதிய சொல், புதிய உச்சரிப்பு, கூடவே போர்முரசு. நடு ஸ்பீக்கர் தெளிவாக உள்ள இடத்தில்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டிய வசனம் அது. ‘என்ன பேசுறாங்கன்னே புரியல’ என்று அன்றைக்கு எழுந்தவர்கள் எத்தனை பேர்! பின்னாளில் வீட்டில், ஹெட்ஃபோனில் கேட்டவர்கள் கொண்டாடினார்கள், 2021 டிசம்பர் 31 அன்று மறுபடி திரைக்கே வந்தது. படம் முதலில் தடுமாறியதற்குக் கொட்டகைகள்தான் முழுக்காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கதையே அன்றைக்குப் பலருக்குப் புதிதுதான். ஆனால் புரியாத வசனத்தைப் புரியாத கதையாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ இரண்டு பேர் பேசிக்கொண்டே போகும் படம். திரையரங்கில் நிற்காமல், தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு அமர்ந்துவிட்டது. பேச்சைக் காதோரமாகக் கேட்க முடிந்தது அதற்கு உதவியது என்பதே எங்கள் எண்ணம்.

கடைசி வரிசை பிரியர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி உங்களை வந்து சேர 87 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது 2 ஃபிரேம். உதட்டசைவு பிந்துவதாகத் தோன்றினால் டப்பிங் கலைஞரைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்தது வேலூர் வெயில். ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்ற தீர்ப்பு ஏப்ரல், மே மாதங்களில் கூடுதலாகக் காதில் விழுகிறது. 40 டிகிரியைத் தாண்டும் நாளில், தகரக்கூரை போட்ட கொட்டகையில், 600 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூடு தரும். 600 பேருக்கு 60 கிலோவாட். அதை மட்டும் இழுக்கவே 17 டன் ஏசி வேண்டும்; கூரைச் சூடு இதில் சேரவில்லை. இடைவேளைக்குப் பிறகு ‘அரங்கம் குளிர்ந்துவிட்டது’ என்று கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, வெறும் விசிறியில் ஓட்டுகிறார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த வெளிக்காற்று வரும் வழியையும் அடைத்திருப்பார்கள். 600 பேர் விட்ட மூச்சு உள்ளேயே சுற்றும். அரை மணியில் கொட்டாவி, முக்கால் மணியில் கடிகாரத்தைப் பார்ப்பது. அந்த நேரத்தில் திரையில் ஒரு அமைதியான அம்மா-மகன் காட்சி ஓடினால் அதுதான் ‘இழுவை’ என்று பெயர் வாங்கும். அதே காட்சி கார்த்திகை மாதத்தில் கண்ணீர் வரவழைத்திருக்கும்.

கேபினுக்குள்ளும் இதே சூடுதான். புரொஜக்டரின் காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் உள்சூடு ஏறும். நிறங்கள் இடம் மாறும், அல்லது பாதுகாப்புக்காக இயந்திரம் தானே நின்றுவிடும். உச்சக்கட்டத்தில் படம் நின்று, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடினால் இயக்குநர் இரண்டு மணி நேரம் கட்டிய பதற்றம் போச்சு. முன்பு ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்து டூரிங் கொட்டகைகளில் ஒரே புரொஜக்டர், ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. அன்றைய மக்கள் அதற்குப் பழகியிருந்தார்கள், முறுக்கு தின்றுகொண்டே காத்திருந்தார்கள். இன்றைய படங்கள் அப்படி நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.

சான்றிதழில் நீளத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னோம் அல்லவா? 162 நிமிடம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரமும் டிரெய்லரும் 12 நிமிடம், இடைவேளை 15 நிமிடம். மொத்தம் 189. காலை 10 மணிக்குத் தொடங்கினால் 1.09க்குத்தான் வெளியே வரவேண்டும். 12.50க்கே வெளியே வந்துவிட்டீர்கள் என்றால் 19 நிமிடப் படம் எங்கேயோ போய்விட்டது. ஒரு நாளைக்கு 5 காட்சி ஓட்டவேண்டிய அவசரத்தில் ஒரு பாட்டைத் தாண்டிவிடுவது, நகைச்சுவைப் பகுதியைத் தாண்டிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. சர்வரில் முன்னோக்கித் தாவ ஒரு பொத்தான் போதும். அந்தப் பாட்டில் காதல் வளர்ந்திருக்கும், அடுத்த காட்சியில் திடீரென்று திருமணம் நிற்கும், ‘லாஜிக் இல்லை’ என்பீர்கள். தயாரிப்பாளரே அறிவித்து வெட்டுவது வேறு. 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ வெளியான சில நாளிலேயே 12 நிமிடம் குறைக்கப்பட்டது. 2002இல் ஏமாற்றிய ‘பாபா’ 2022 டிசம்பரில் மறுபடி வந்தபோது புதிதாக எடிட் செய்யப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட படங்களைப் பற்றி எழுதும் வாசகர்கள் எந்த நாள், எந்தக் காட்சி என்று ஒரு வரி சேர்த்தால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

நாள் கணக்கும் முக்கியம். பாலாவின் முதல் படமான ‘சேது’ 1999 டிசம்பரில் வந்தபோது வாங்க ஆளில்லை, திரையரங்கு கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி மெல்ல ஏறியது. அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை பெரிய திரையில் வந்த சின்னப் படம் திங்கட்கிழமை அதே வளாகத்தின் குட்டித் திரைக்கு, காலை 11 மணி ஒற்றைக் காட்சிக்குத் தள்ளப்படுகிறது. அந்தக் குட்டித் திரையில்தான் பழைய லேம்பும் பழுதான ஸ்பீக்கரும் இருக்கும். நல்ல பேச்சைக் கேட்டு நான்காம் நாள் போகிறவருக்குக் கிடைப்பது அது. முன்பதிவு செய்யும்போது எந்தத் திரை என்று பாருங்கள். சின்னப் படத்தை முதல் மூன்று நாளுக்குள் பாருங்கள். பெரிய நட்சத்திரப் படத்தை நிதானமாகக் கதை கேட்டுப் பார்க்க விரும்பினால் மாறாக நான்காம் நாள் போங்கள். முதல் காட்சியின் கூச்சலில் முதல் இருபது நிமிட வசனம் யார் காதிலும் விழாது, கதைக்கு வேண்டிய விவரமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

உரிமையாளர்களுக்கு ஒன்று. ஒளிமானியும் ஒலிமானியும் ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று இருந்தால் போதும், நாலைந்து கொட்டகைகள் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒரு காலை, முதல் காட்சிக்கு முன்னால், திரையின் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் வெளிச்சத்தை அளந்து லேம்ப் எரிந்த மணியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பிங்க் நாய்ஸ் போட்டு, பக்கவாட்டுச் சுவர் ஓரமாக நடந்துபோய்க் காதாலேயே கேளுங்கள். ஊமையான பெட்டி உடனே தெரிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: வாசகர் எழுதும் பட விமர்சனங்களில் ஊர், காட்சி நேரம், உட்கார்ந்த வரிசை ஆகியவற்றையும் கேட்டுப் போடுங்கள். கொட்டகைப் பெயர் வேண்டியதில்லை. தங்கள் நிருபர் சென்னையில் பார்த்த படத்தை வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ இன்னொருவர் பார்த்து நான்கு வரி எழுதினால் இன்னும் நல்லது.

குறை இருந்தால் படம் முடியும்வரை காத்திருக்கவேண்டாம். இடைவேளையில் மேலாளரிடம் போய், டிக்கெட்டைக் காட்டி, எங்கே என்ன என்று சொல்லுங்கள். ‘சவுண்டு சரியில்ல’ என்றால் ஃபேடரை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ‘வசனம் நடுவிலிருந்து வரவில்லை, வலது பின்சுவரில் இரைச்சல்’ என்றால் ஆபரேட்டருக்கு ஒலிக்கருவிகள் அடுக்கிய எந்த ரேக்கைத் திறப்பது என்று புரியும். ஃபேடர், 3டி வடிகட்டி, ஃபோகஸ், ஏசியின் காற்றுவழி, நான்கையும் அந்த 15 நிமிடத்துக்குள் சரிசெய்யலாம். லேம்பும் டயாஃப்ரமும் அப்படி முடியாது. லேம்ப் ஆறவேண்டும், உள்ளே அழுத்தம் அதிகம், முகக்கவசமும் கையுறையும் போட்டுத்தான் தொடவேண்டும். குமிழில் விரல்ரேகை பட்டால் அந்த இடமே பிறகு சூடேறி வெடிக்கும். அதனால் லேம்ப் பற்றிய புகாரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இரவுக் காட்சி முடிந்த பிறகு மாற்றச் சொல்லி.

இப்படிக்கு,
புரொஜக்டர் கேபினில் வேலை பார்க்கும் சிலர்,
வேலூர் – காட்பாடி